அவனா, அவரா?

முதல் நாள் எனக்குக் கொடுத்தது 22 நொடிக் காட்சி ஒன்று. திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து கதவைத் திறந்து உள்ளே போகிறார். அவ்வளவுதான். “கண் தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி எழுதிவைங்க சார்” என்று சொல்லிவிட்டு மேடம் டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் 19 வருடம் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தியவன். ஆறு வாக்கியம் எழுதினேன். சந்திப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. ‘சோகம் ததும்பும் விழிகள்’, ‘கிறீச்சிடும் கதவு’, ‘தளர்ந்த நடை’ எல்லாம் இருந்தன. மேடம் திரும்பி வந்து அதைப் படிக்கவே இல்லை. திரையை அணைத்தார். ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டுக் காட்சியை ஓட்டினார். இருமல் கேட்டது. செருப்பு தேய்வது கேட்டது. கதவு கிறீச்சிட்டது.

“இதெல்லாம் அவங்களுக்கே கேக்குது சார். கேக்காதது எது?”

மறுபடி படத்தோடு பார்த்தேன். எழும்போது அந்தப் பெரியவர் திண்ணையில் கிடந்த ஒரு கடிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொள்கிறார். பிற்பாதிக் கதையே அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. என் ஆறு வாக்கியத்தில் கடிதம் இல்லை.

பத்திரிகையை மூடிவிட்டார்கள் என்பதால்தான் நான் சாலிகிராமத்து மாடியறைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு கணினி, பஞ்சு ஒட்டிய சின்ன ரெக்கார்டிங் அறை, கழற்றி மாட்டினால் மட்டும் ஓடும் ஒரு ஏசி. எனக்கு வயது 46, மேடத்துக்கு 28. அவர் என்னைச் சார் என்பார். நான் அவரை மேடம் என்பேன். இந்த மரியாதையில் கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வந்ததே சட்டத்தால்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 42ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மின்னணு ஊடகங்களில் ஒலி விவரணை (பார்வையற்றவர்களுக்குக் காட்சியைக் குரலில் சொல்வது), சைகை மொழி, கேப்ஷன் ஆகியவை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. சினிமாக்காரர்கள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023 ஜனவரியில் ‘பதான்’ படம் திரைக்கு வர இருந்த நேரத்தில், பார்வையற்ற சட்ட மாணவர் உள்ளிட்ட சிலர் போட்ட வழக்கில், ஓடிடிக்குப் போகும் பிரதியில் இந்தியிலேயே கேப்ஷனும் சப்டைட்டிலும் ஒலி விவரணையும் சேர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் மார்ச்சில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் வாங்கும் படங்களுக்கு ஆறு மாதம் கெடு, மற்றவற்றுக்கு இரண்டு வருடம். கோடம்பாக்கத்தில் திடீரென்று ஆள் தேடினார்கள். தமிழ் டைப் அடிக்கத் தெரியும், பிழை வராது என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி எதுவும் இல்லை.

முதல் மூன்று மாதம் மேடம் என்னை ஒலி விவரணைப் பக்கம் விடவில்லை. கேப்ஷன்தான். சப்டைட்டில் வேறு, கேப்ஷன் வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சப்டைட்டில், காது கேட்கும் ஆனால் மொழி தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுவது. கேப்ஷன், சத்தமே இல்லாமல் படம் பார்ப்பவருக்கு எழுதுவது. யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார், பின்னால் என்ன ஒலிக்கிறது எல்லாம் அதில் வர வேண்டும். அமெரிக்காவில் 1972இல் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கேப்ஷன் போட்டுக் காட்டியது ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சிக்கு என்று மேடம் சொல்வார். கொதிக்கிற சத்தத்தை எப்படி எழுதினார்களோ என்று நான் பல நாள் யோசித்தேன்.

நாங்கள் எழுதியதைச் சரிபார்க்க ஒரு சகோதரி வருவார். பிறவியிலேயே காது கேளாதவர், பாளையங்கோட்டையில் படித்தவர், திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை. மேடம் அவரோடு சைகையில் பேசுவார். எனக்குச் சைகை வராது, அதனால் எனக்கு வாட்ஸ்அப். கணக்காக எழுதுவார், ஒரு சொல் கூடுதலாகச் செலவழிக்க மாட்டார்.

அதே படம்தான். பெரியவர் திண்ணையில் இருக்கிறார், தூரத்தில் மேளம் ஒலிக்கிறது, அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். நான் ‘[மேளச் சத்தம்]’ என்று போட்டிருந்தேன். போனில் செய்தி வந்தது: “கல்யாணமா, சாவா?”

எனக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்கவில்லை, ஏனென்றால் என் காதில் அது கெட்டிமேளம். பேத்திக்குப் பேசி நின்றுபோன மாப்பிள்ளை பக்கத்துத் தெருவில் வேறு பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான். அதற்குத்தான் அந்தத் தலை குனிகிறது. ‘மேளச் சத்தம்’ என்று படித்தவருக்கு, யாரோ செத்துப்போனதால் ஒரு கிழவர் வருத்தப்படுகிறார் என்று ஆகிவிடும். ‘[தொலைவில் கெட்டிமேளம்]’ என்று மாற்றினேன். மாற்ற இரண்டு நொடி. எழுதும்போது அந்த இரண்டு நொடியை நான் யோசித்திருக்கவில்லை.

இன்னொன்றில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. ஒலிக்குத் தமிழில் சொல்லா இல்லை? சலசல, கடகட, படபட, மொறுமொறு... இரட்டைக்கிளவிகளை வாரி இறைத்தேன். ஓர் இடத்தில் ‘[சடசட]’ என்று மட்டும் போட்டுவிட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். “எது?” என்று கேட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி: “மழை சடசட என்று பெய்தது, படித்திருக்கிறேன். மரம் சடசட என்று முறிந்தது, படித்திருக்கிறேன். இது எது?” அவருக்கு அந்தச் சொல் தெரியும். சத்தம்தான் தெரியாது. நான் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். ‘[ஓட்டின் மேல் மழை]’ என்று எழுதினேன்.

பேச்சுத்தமிழ் விவகாரம் இதைவிடப் பெரியது, இன்றுவரை தீரவில்லை. படத்தில் “வந்துட்டாங்கன்னு சொன்னாப்ல” என்கிறான் ஒருவன். அதை அப்படியே எழுதினால், பள்ளியில் எழுத்துத்தமிழை மட்டும் கற்று, வீட்டுப் பேச்சைக் காதால் கேட்டே அறியாத ஒருவர் திணறுகிறார். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துப் படிப்பதற்குள் வரி மறைந்துவிடும். சரி, ‘வந்துவிட்டார்கள் என்று சொன்னார்’ என்று திருத்திவிடலாமா? அது என் 19 வருடக் கைப்பழக்கம்; விரல் தானாகவே போகும். ஆனால் காது பாதி கேட்கிறவர்கள் உதட்டையும் பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். வாய் ஒன்று சொல்ல வரி வேறொன்று சொன்னால் அவர்களுக்கு எரிச்சல். தவிர, மதுரைக்காரனை எழுத்துத்தமிழ் பேசவைத்தால் படம் கெட்டுவிடும். மேடத்தின் வழி இது: சொல்லை மாற்றாதே, ஒட்டிக்கிடப்பதைப் பிரி. ‘வந்துட்டாங்க-ன்னு’ என்று கோடு போட்டுப் பார்த்தோம். சகோதரி “பரவாயில்லை” என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

எழுத்தெண்ணிக்கை ஒரு தனிக்கதை. ஒரு வரிக்கு 42 எழுத்து என்று இங்கிலீஷ்காரர்கள் வைத்த கணக்கு எங்களிடமும் புழங்குகிறது. ‘தமிழ்’ என்றால் நமக்கு மூன்று எழுத்து. மென்பொருளுக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணி ‘வரி நீளம்’ என்று சிவப்பில் கத்தும். திரையில் பார்த்தால் பாதி இடம் காலியாக இருக்கும். முதல் வாரம் அதற்குப் பயந்து நல்ல வசனங்களை வெட்டினேன். பிறகு மேடம் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்.

ஒரு முறை மானமும் போயிற்று. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் பிரதியை வைத்து ஒரு முழுப் படத்துக்குக் கேப்ஷன் நேரம் குறித்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் கையில் இருந்தது 25 ஃபிரேம் பிரதி. எது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. முதல் காட்சியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடும்போது இரண்டரை நிமிடம் தள்ளிவிட்டது. வில்லன் செத்து விழுந்த பிறகு அவன் மிரட்டல் வந்துகொண்டிருந்ததாம். அதற்குப் பின் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஃபிரேம் கேட்கிறேன். ‘காப்பி வேணுமா’ என்று கேட்டால்கூட ‘எத்தனை ஃபிரேம்’ என்று கேட்பேன் என்று மேடம் கிண்டல் செய்வார்.

நான்காம் மாதம் ஒலி விவரணை. அதைச் சரிபார்க்கச் சனிக்கிழமைகளில் ஒரு வங்கி ஊழியர் வருவார். ஐம்பது தாண்டியவர், பிறந்ததிலிருந்து பார்வை இல்லை, எங்கள் எல்லாருக்கும் அவர் ‘பேங்க் சார்’. எங்கள் இருவரையும்விட அதிகம் படம் பார்த்தவர். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர். ‘திருவிளையாடல்’ வசன கேசட்டை அவரால் இரண்டு பக்கமும் ஒப்பிக்க முடியும். அந்தக் காலப் படங்களுக்கு நீங்கள் தேவையே இல்லை என்பார். எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுவார்கள். “1987ல ஒரு படம் வந்துச்சு. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வெச்சாங்க தெரியுமா? ‘பேசும் படம்’. பக்கத்துல உக்காந்திருந்தவன் சிரிக்கிறான், எனக்குன்னா ஒண்ணுமே பேசல!”

தியேட்டரில் இது எப்படிப் போய்ச்சேர்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். நாங்கள் பதிவு செய்யும் குரல் போன் செயலியில் இருக்கும். செயலி படத்தின் ஒலியைக் கேட்டு, எந்த இடம் ஓடுகிறது என்று கண்டுகொண்டு, அதற்குரிய வரியை இயர்போனில் மட்டும் சொல்லும். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொல்லை இல்லை. வீட்டில் ஓடிடி என்றால் தனி டிராக். நாங்கள் பேசும் இடத்தில் பின்னணி இசையைக் கொஞ்சம் இறக்கி மிக்ஸ் செய்வார்கள்.

இடம்தான் பிரச்சினை. ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு நொடி, மூன்று நொடி இருக்கும். மூன்று நொடிக்கு ஐந்து சொல் என்பது மேடத்தின் கணக்கு. நான் எழுதியது: ‘பெரியவர் மடியிலிருந்த கடிதத்தை எடுத்து விளக்கில் காட்டிப் படிக்கிறார்.’ குரல் கொடுத்தவர் வேகமாகத்தான் படித்தார், அப்படியும் ‘காட்டி’ வரும்போது பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள். கடைசிச் சொல்லை மிக்ஸிங்கில் வெட்டிவிட்டார்கள்.

பேங்க் சார் கேட்டார்: “விளக்குல காட்டி? எரிச்சாரா, படிச்சாரா?”

அன்றைக்குத்தான் என் மொழியின் ஒரு குணம் எனக்குப் புரிந்தது. தமிழ் தன் வினையைக் கடைசியில் வைத்திருக்கிறது. வால் வெட்டுப்பட்டால் என்ன நடந்தது என்பதே போய்விடும். மேடம் திருத்தியது: ‘விளக்கருகே கடிதம். படிக்கிறார்.’ வினை இல்லாத வாக்கியம் ஒன்று, ஒற்றைச் சொல் வாக்கியம் ஒன்று. எங்கே வெட்டினாலும் கையில் ஏதாவது மிஞ்சும். வினைமுற்று இல்லாத வாக்கியத்தைக் கண்டால் சுழித்துப் பழகிய கை எனக்கு. இப்போது அதே கை ‘கையில் அரிவாள். கண் வாசலில்.’ என்று எழுதுகிறது. இது தந்தி மொழி என்று குறைசொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ் எப்போதும் இப்படியும் பேசியிருக்கிறது.

வினை கடைசியில் வருவது மட்டுமா, வரும்போது சாட்சி வேறு சொல்லிவிடுகிறது. இருட்டில் ஓர் ஆள் மதில் ஏறிக் குதிக்கிற காட்சி. ‘குதிக்கிறான்’ என்று எழுதினேன். அது பேத்தி. அடுத்த காட்சியில்தான் இயக்குநர் முகத்தைக் காட்டுகிறார். ‘குதிக்கிறாள்’ என்றால் ரகசியம் போச்சு, ‘குதிக்கிறான்’ என்றால் பொய். ‘ஓர் உருவம் குதிக்கிறது’ என்று தப்பித்தோம். அஃறிணை இவ்வளவு உதவும் என்று பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

மற்றொரு சனிக்கிழமை. அதே படம், முக்கால்வாசி ஓடிவிட்டது. பேங்க் சார் ஹெட்போனை இறக்கினார்.

“இந்த மாடு பாத்துக்கிற பையன் அந்த வீட்டுக்குச் சொந்தமா?”

“எந்தப் பையன் சார்?”

“மாட்டை அவுத்துக்கிட்டுப் போறான், தொழுவத்துல படுத்துக்கிடக்கிறான்னு சொல்லிட்டே வர்றீங்களே.”

“அவரு பையன் இல்ல சார். தலை முழுக்க நரை. பெரியவர் வயசு இருக்கும்.”

அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. அந்த மனிதருக்குக் கடைசிக் காட்சிவரை வசனம் கிடையாது. குரலை வைத்து வயதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வீட்டில் எல்லாரும் அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் என் பங்குக்குப் போகிறான், வருகிறான், குனிகிறான் என்று எழுதியிருந்தேன். திண்ணையில் இருப்பவருக்குப் போகிறார், வருகிறார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. இதை நான் யோசித்து எழுதவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பத்திரிகையில் கைதானவன் ‘அவன்’, அமைச்சர் ‘அவர்’. அந்த விதியை 19 வருடம் காத்தவன் நான். யாராவது மாற்றி எழுதியிருந்தால் திருத்தியிருக்கிறேன். இப்போது பார்த்தவுடனே இடுப்பில் துண்டு இருப்பவனுக்கு ஆன் விகுதி, தோளில் துண்டு இருப்பவருக்கு ஆர் விகுதி. கை தானாகப் போட்டுவிட்டது.

இங்கிலீஷில் இந்தத் தலைவலி கிடையாது என்று மேடம் சொன்னார். அங்கே ஒரே ‘ஹீ’. தமிழில் ஒருவன் நடந்தான் என்று சொல்வதற்குள் அவன் யார், அவனுக்கு நாம் என்ன மரியாதை வைத்திருக்கிறோம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ‘அவர்’ என்று வைத்தால்? ‘ரவுடி கத்தியை எடுக்கிறார், கழுத்தில் குத்துகிறார்’ என்று ஏற்கெனவே ஒரு படத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். பேங்க் சார் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

எப்படியும் இதை மாற்ற வேண்டும் என்று இயக்குநருக்குப் போன் போட்டோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நியாயமான ஆள், காரணத்தோடுதான் பேசினார். “படத்துல எல்லாரும் அவரை ‘டேய்’ங்கிறாங்க. அதுதான் சார் படமே. நீங்க மரியாதை குடுத்துட்டீங்கன்னா அந்தக் குரூரம் எங்க போகும்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேங்க் சார் பக்கம் தள்ளினார்.

“தம்பி, அந்த ‘டேய்’ எனக்கும் கேக்குது. அதை இவங்க மறுபடி சொல்ல வேண்டியதில்ல. பையன்னு நெனச்சிருந்தவரைக்கும் அது எனக்குச் சும்மா ஒரு டேய்தான். சின்னப் பசங்கள யாரு கூப்பிடல? தலை நரைச்ச மனுசன்னு இப்பத் தெரிஞ்சப்புறம்தான் சுரீர்ங்குது.”

இயக்குநர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாற்றிக்கொள்ளச் சொன்னார். திரும்பக் குரல் பதிவு செய்ய ஆகும் செலவு யார் தலையில் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கோப்பில் ‘கிறான்’ என்று தேடினேன். 57 இடம் வந்தது. ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. 16 இடம் அந்த வீட்டுப் பேரனுக்கு உரியவை. அவனுக்கு எட்டு வயது. மீதி 41 இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல இடங்களில் ‘கிறார்’ என்று போடுவதைவிட வினையையே எடுத்துவிடுவது நன்றாக வந்தது. திங்கட்கிழமை குரல் கொடுப்பவர் வந்தார், கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். முதல் வரி, மனிதர் முதன்முதலாகத் திரையில் வரும் இடம். மூன்று நொடி.

“தொழுவம். தலை நரைத்தவர். கையில் கயிறு.”

அரை நொடி மிச்சம் இருந்தது. பிறகு வீட்டுக்குள்ளிருந்து, “டேய்!”